வகையுளி

முப்பது மில்லிமீட்டர் அகலம்.
அதற்குமேல் ஓர் இழைகூட ஏறாது
திருப்பூர், கொங்கு நகர், எங்கள் லேபிள் தறியில்.
வந்த சொல்லோ
பதினான்கு எழுத்து, ஆறு அசை:
ஹைப்போஅலர்ஜெனிக்.
குழந்தைச் சட்டையில் பின்கழுத்தில் தைப்பது.
உடம்புக்குச் சேரும், அரிக்காது என்று அர்த்தம்.

கம்ப்யூட்டர் அதைத் தானே ஒடித்துக்கொண்டது.
மேலே ஹைப்போஅல், ஒரு சின்னக் கோடு,
கீழே லர்ஜெனிக்.
ஆறாயிரம் நெய்து, வெட்டி,
ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கிய பிறகு
ஹாம்பர்க்கிலிருந்து மெயில்:
ரிஜெக்ட்.

"கோட்டை எங்க போட்டா என்னுங் அம்மிணி,
அரிக்காம இருந்தாச் செரிதானுங்?"
ஓனர் சென்னியப்பனுக்கு நூல் விலை தெரியும்.
எனக்கு, கோபியில் மூன்று வருஷம்
பி.ஏ. தமிழ் படித்த பாவம்.
டெலிவரி சலானின் முதுகில் அலகிட்டேன்.
ஹைப்போஅல், தேமாங்காய்.
லர்ஜெனிக், கூவிளம்.
காய்முன் நேர். தளை தட்டவில்லை.
சொல்லிப் பார்த்தாலும்
நாக்கு அங்கேதான் கால் மாற்றுகிறது.
பிறகென்ன குற்றம்?

அகராதியைக் கிளறினால்
உள்ளே வேறு மூட்டுகள்.
ஹைப்போ: கீழே, குறைவாக.
அடுத்து 'வேறு' என்றொரு கிரேக்கத் துண்டு,
அதன் இடுப்பில் 'வேலை',
வால் பக்கம் 'பிறப்பிப்பது'.
எங்கள் கோடு
சரியாக 'வேறு' என்பதன் கழுத்தில் விழுந்திருக்கிறது.

ஓசைக்காகச் சொல்லை அறுத்தால்
யாப்பில் அதற்கு வகையுளி என்று பேர்.
புலவருக்குக் கொடுத்த சலுகை
பையரிடம் செல்லாது.

மாற்றிப் போட்டேன்.
ஹைப்போ, தேமா. அலர்ஜெனிக், கருவிளம்.
மாமுன் நிரை. இதற்கும் தளை தட்டவில்லை!
கூடவே, கீழ்வரியின் தலையில்
எந்தக் கிரேக்கனும் வைக்காத ஒரு பூ:
அலர்.
ஊர்வாய்க்குப் பயந்த சங்கத்துப் பெண்கள்
பாப்பா பனியன் கழுத்திலா வந்து நிற்பார்கள்?
தனியாகச் சிரித்தேன்.
தறியை நிறுத்தி "என்னக்கா?" என்றான் தெபாசிஷ்.
அவனுக்கு எந்த மொழியில் தொடங்க.

ஆறாயிரமும் சாக்கோடு எடைக்குப் போனது.
புது லேபிள் தைத்த சாம்பிள் ஒன்றை
நேற்று மகளுக்குப் போட்டுவிட்டேன்.
பத்து நிமிஷம்.
பின்கழுத்தைச் சொறிந்து சொறிந்து அழுகை.
துணி ஒன்றும் செய்யவில்லை,
லேபிள்தான்.
கத்திரி எடுத்து ஒட்ட வெட்டினேன்,
அசை பார்க்கவில்லை, பொருள் பார்க்கவில்லை.

தையலோடு தங்கியது மேல்வரி மட்டும்:
ஹைப்போ,
பிறகு அந்தச் சின்னக் கோடு.