பாலத்தின் உயரம்

பாலத்தின் உயரம்: 3.70 மீட்டர்
என்றிருந்தது விக்கிப் பக்கத்தில்.
என் வண்டியின் உயரம் 3.58.
கணக்கு சரிதான்.
கூரைதான் போய்விட்டது.

விடியற்காலை நாலே கால்.
பின்னால் அறுநூறு ரொட்டிகள், சூடு ஆறாமல்.
ரயில் பாலத்தின் வயிறு
வண்டியின் தலையைச் சீவிய சத்தத்தில்
ஸ்ம்ரேச்னிக் ஊரே விளக்குப் போட்டது.
"மிலோய்கா, பார்த்து ஓட்டக்கூடாதா?"
என்றார் பேக்கரி முதலாளி ஃப்ளோர்யான்.
பார்த்துத்தான் ஓட்டினேன்.
போதாததற்குப் படித்தும் பார்த்திருந்தேன்.

மறுநாள் கழியும் டேப்புமாய்ப் போய்
நானே அளந்தேன்: 3.52.
இரவு அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.
'தொகு' என்றொரு சொல் மூலையில்,
எத்தனை நாளாக அங்கே இருந்ததோ.
கதவில் பூட்டில்லை என்று தெரியாமல்
வருஷக்கணக்காய் ஜன்னல் வழியே
எட்டிப் பார்த்திருக்கிறேன்.

என்ன படிப்பு, என்ன பதவி என்று
யாராவது கேட்பார்கள் என நினைத்தேன்.
கேட்கவில்லை.
ஏழையும் பூஜ்யத்தையும் அழித்து
ஐந்தும் இரண்டும் அடித்தேன்.
ஏன் மாற்றினீர்கள் என்றது ஒரு சின்னக் கட்டம்.
"இடித்துக்கொண்டேன்" என்று எழுதிச் சேமித்தேன்.

வரலாற்றில் என் பெயருக்கு நேரே
ஒரு 0.
கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.
எழுத்தெண்ணிக்கைப்படி
நான் ஒன்றுமே செய்யவில்லை.

காலையில் 3.70
திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.
ஆந்தை47 என்று ஓர் ஆள்.
"ஆதாரம் இல்லை. மீட்கப்பட்டது."

ஆத்திரத்தில் மறுபடி போய்
எதையோ அழுத்த
படம், வரைபடம், கட்டிய ஆண்டு
மொத்தமும் மாயம்.
கை நடுங்கியது.
இந்த முறை பாலத்தையே இடித்துவிட்டேன்.

காபி ஆறுவதற்குள்
பாலம் எழுந்து நின்றது.
ஆந்தைதான்.
"பரவாயில்லை, எல்லோரும் ஒருமுறை செய்வதுதான்.
உரையாடல் பக்கத்துக்கு வாருங்கள்."

போனேன். எழுதினேன்:
"என் ஆதாரம் என் வண்டிக் கூரை."
பதில் வந்தது:
"கூரையை நம்புகிறேன்.
ஆனால் நாளை படிக்கிறவர்
உங்கள் கூரைமேல் ஏறிப் பார்க்க முடியாதே."

இரண்டு நாள் அந்த வரியைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.
மூன்றாம் நாள்
நகராட்சியில் போய் நின்றேன், மாவு படிந்த கோட்டோடு.
சாலைப் பிரிவு ட்ரெய்ட்ஸ் தும்மிக்கொண்டே
ஒரு கோப்பை எடுத்தார்.

கட்டியபோது 3.70. பொய்யில்லை.
பிறகு மூன்று முறை தார் போட்டிருக்கிறார்கள்,
பழையதைச் சுரண்டாமல்
அதன் மேலேயே.
பாலம் இறங்கவே இல்லை,
சாலைதான் ஏறியிருக்கிறது,
ஆறு ஆறு சென்டிமீட்டராக,
யாரும் கவனிக்காத வேகத்தில்.
கடைசி அளவு, தேதியும் முத்திரையுமாக: 3.52.
பலகையை மாற்றத்தான்
எவருக்கும் தோன்றவில்லை.

எண்ணை மாற்றினேன், அடிக்குறிப்பு வைத்தேன்.
பழைய எண்ணையும் விட்டுவைத்தேன், 'கட்டியபோது' என்று.
இப்போது என் பெயருக்கு நேரே +214.
ஆந்தை 'நன்றி' அழுத்தியிருந்தது.
ஆணா பெண்ணா, எந்த ஊர், தெரியாது.
என்னைப்போல்
ராத்திரியில் விழித்திருக்கிற ஒருவர்.

'ஆபத்தான பாலம்' என்று நான் எழுதியதில்
வேறு யாரோ வந்து
'ஆபத்தான'வை எடுத்துவிட்டார்கள்.
முதலில் எரிச்சல்.
யோசித்தால், பாலம் என்ன பாவம் செய்தது.
உயரம் குறைவு, அவ்வளவுதான்.

இப்போது ஓட்டுவது சின்ன வண்டி.
உயரம் 2.90.
எண் தெரியும், ஆதாரம் தெரியும்,
அடிக்குறிப்பு எழுதியதே நான்.
இருந்தும் நாலே காலுக்கு
அந்தப் பாலத்தடியில் நுழையும்போது
தலையைக் குனிந்துகொள்கிறேன்.