ஜீரோ வாட்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
பொன்னகரத்துச் சந்து பூராவும் நடக்கிறேன்.
கையில் கருவி, தலைக்குத் துப்பட்டா,
நாய்க்கு ஒரு குச்சி.
ஈபிக்காரம்மா என்பதற்கு மேல்
இங்கே எனக்குப் பெயர் கிடையாது.

மீட்டருக்கு ஒளிக்கத் தெரியாது.
புதிதாய் ஏசி வாங்கியது யார்,
பிரசவத்துக்கு மகள் வந்திருப்பது எந்த வீட்டில்,
ராத்திரியெல்லாம் மூச்சுக் கருவி ஓடுவது எங்கே,
எல்லாம் சொல்லிவிடும்.
அட்டையில் நான் எண்ணை மட்டும் எழுதுவேன்.
மற்றதுக்குக் கட்டமில்லை.

என் வீட்டு மீட்டரைக் கேட்டால் அதுவும் சொல்லும்,
ஏப்ரலுக்குப் பிறகு மாடியறை ஃபேன் சுற்றவில்லை என்று.
ஞானதாஸ். என் தம்பி. முப்பத்தொரு வயது.
திருமங்கலம் ரோட்டில் ஒரு லாரி.
அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஜெபத்துக்கு முழங்கால் போட்டால்
அண்ணத்தில் பச்சை மாவு ஒட்டினது போல் இருக்கிறது.
போதகர் தினமும் ஐந்தரைக்கு
வாட்ஸப்பில் வசனம் அனுப்புகிறார், ரோஜாப்பூ படத்தோடு.
திறப்பதில்லை.
அழிப்பதும் இல்லை.

ஆகஸ்டில் நாலாம் சந்துக் கடைசி வீடு பூட்டிக் கிடந்தது.
வாசலில் பழுத்து விழுந்த வேப்பிலை,
கூட்டி ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.
மீட்டர் வெளிச்சுவரில். பார்த்தால்
இருபத்தொரு யூனிட்.
பூட்டின வீட்டில் இருபத்தொன்று ஏது?
கொக்கி போட்டிருப்பார்களோ என்று
எக்கி, காற்றுத் துவாரத்தில் கண்ணை வைத்தேன்.
இருட்டு.
இருட்டுக்குள்ளே முள்முடிப் படம்,
அதன் கீழே சிவப்பாய் ஒரு ஜீரோ வாட்.

ஜீரோ என்பது கடைக்காரர் வைத்த பெயர்.
பழைய குண்டு பல்பு, பதினைந்து வாட் தின்னும்.
ராத்திரி பகலாய் அறுபது நாள் எரிந்தால்
இருபத்தொன்று, கொஞ்சம் சில்லறை.
கணக்கு சரி.

"சலோமி டீச்சரா? வேலூருக்குப் போயிருக்கு,"
எதிர்வீட்டு மரியலூயிஸ் துணி காயப்போட்டபடி சொன்னார்.
"பயலுக்குத் தலையில கட்டி."

நூறு யூனிட் வரைக்கும் இலவசம்.
கட்ட வேண்டிய தொகை என்ற இடத்தில்
கருவி பூஜ்ஜியம் காட்டியது.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபரில் கதவு திறந்திருந்தது.
குரங்குக் குல்லா போட்ட பையன்
தரையில் படுத்து கார்ட்டூன் பார்த்தான்.
டீச்சர் அட்டையை எடுத்துவந்தார்.
அவர் சொல்லப்போவதை நானே எழுதி வைத்திருந்தேன்:
ஆண்டவர் பேரில் ஏற்றி வைத்துவிட்டுப் போனோம்,
அவர் பார்த்துக்கொண்டார், இப்படி ஏதாவது.

"அந்த பல்பை வேணும்னேதான் போட்டுட்டுப் போனீங்களா டீச்சர்?"

"ஐயோ, இல்லக்கா.
ஆட்டோ வாசல்ல நிக்குது, இவன் வாந்தி மேல வாந்தி.
ஸ்தோத்திரம்னு ஒரு வார்த்தைகூட வாயில வரல.
சுத்தமா மறந்துட்டேன்.
திரும்பி வந்து கதவத் தொறந்தா
அது பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார்,
பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.
ஜனவரியில் இன்னொரு ஸ்கேன் இருக்கிறதாம்.
பையன் திரும்பாமலே கேட்டான்,
"எங்க வீடு எத்தன யூனிட்?"
அறுபத்தி நாலு என்றேன்.
"பெயிலா பாஸா?"
பாஸ்தான் என்றேன்.

அடுத்த வீட்டு நாய் என்னைப் பார்த்துவிட்டது.
குச்சியை மாற்றிப் பிடித்துக்கொண்டு
மிச்சமிருந்த பதினேழு வீட்டையும் முடித்தேன்.

அன்று இரவு மாடியறைக்குப் போனேன்.
ஜெபிக்கவில்லை.
தம்பியின் கட்டிலில் உட்கார்ந்து
ஃபேனைப் போட்டேன்.
ஆறு மாதத் தூசி மொத்தமும் என் தலையில் கொட்டியது.
அணைக்காமல் இறங்கி வந்தேன்.

அடுத்த கணக்கில்
எப்படியும் தெரிந்துவிடும்.