சிவப்புக் கோடு

ஏழரை மணி அடித்ததும்
அதிபர் பேதுருப்பிள்ளை அடிமட்டம் வைத்து
வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுப்பார்,
கடைசிக் கையொப்பத்தின் காலில் முட்டாமல்,
மிகக் கவனமாக.

வாடைக்காற்றுக்கு அந்தக் கோடு தெரியாது.
குறிகட்டுவானில் வள்ளம் கட்டவிழ்த்தால்தான்
நாங்கள் ரீச்சர்மார்;
அதுவரை நனைந்த சீலையும் சோத்துப் பெட்டியும்.
மூன்று முறை பிந்தினால் அரைநாள் லீவு வெட்டு.
அதற்காகத்தான் சங்கம்.
வலயக் கந்தோர் வாசலில்
ஒரு பகல் முழுக்க அட்டை பிடித்து நின்றோம்.
வென்றோம். கடல் பிந்தினால் கோடும் பிந்தும்.
அந்தச் சுற்றறிக்கையை நானே சட்டம் போட்டு மாட்டினேன்.

பிறகு, கடல் அடங்கிய பங்குனியிலும்
கணிதம் அருள்நேசனுக்கு மட்டும் அலை அடித்தது.
திங்கள் காற்று. வியாழன் எஞ்சின் பழுது.
வெள்ளி "ஒரு அலுவல்."
அலுவல் திருநெல்வேலியில், தகரக் கொட்டிலில்,
இரண்டாந்தரம் ஏ.எல் எடுக்கிற முன்னூறு பிள்ளைகள்,
ஒலிவாங்கி, தலைக்கு இவ்வளவு.
நல்லாய்ப் படிப்பிப்பாராம்.
அதுதான் எனக்கு வலித்தது.

விசாரணைக் கடிதம் வந்த அன்று
முதல் வள்ளத்திலேயே வந்திறங்கினார்.
கிளைச் செயலாளர் நான். எழுதினேன்:
விளக்கம் கேட்கப்படவில்லை, நடைமுறை மீறல், பழிவாங்கல்.
ஒவ்வொரு வரியும் உண்மை.
எந்த வரியிலும் பத்தாம் வகுப்பு இல்லை.

பத்தாம் வகுப்பு என்றால் ஒன்பது பேர்.
யதுர்ஷிகா கொப்பியை விரித்துக் காட்டினாள்:
'இருபடிச் சமன்பாடுகள்', கீழே இரட்டைக் கோடு,
திகதி. பிறகு வெள்ளை.
பதினொரு பக்கம் விட்டு வைத்திருக்கிறாள்,
சேர் வந்தால் எழுத.

மாதக் கூட்டத்தில் அதைச் சொன்னேன்.
"கந்தோருக்கு நீங்களே கத்தி தீட்டிக் குடுக்கிறியளோ?"
பொருளாளர் கேட்டதிலும் பிழையில்லை.
எட்டு வருஷமாய் விஞ்ஞான வெற்றிடத்தை நிரப்பாதவர்கள்
கோடு மட்டும் நேராய் இழுக்கப் பழகியிருக்கிறார்கள்.
அருள்நேசன் யன்னலைப் பார்த்தபடி இருந்தார்.
சந்தா ஒரு மாதமும் தவறவிட்டவரில்லை.

என் தீர்மானம் சின்னது:
அவருக்காக வாதாடுவோம்;
அந்தப் பதினொரு பக்கத்தை அவர் எழுதிக் கொடுக்கட்டும்.
ஆதரவு நாலு. எதிர்ப்பு ஆறு.
பிறகு பற்றிஸ் வந்தது, தேத்தண்ணி வந்தது,
சம்பள முரண்பாட்டுக்குத் தாவினோம்.

இன்றைக்குக் கடல் தட்டையாய்க் கிடந்தது.
ஏழு இருபதுக்கே கையொப்பம் வைத்தேன்.
படியில் யதுர்ஷிகா நின்றாள்.
"கொப்பி விலை கூடிற்று ரீச்சர்.
அந்தப் பக்கங்களை வேற பாடத்துக்கு எடுக்கட்டோ?"

மணி அடித்துவிட்டது.
உள்ளே அடிமட்டம் மேசையில் வைக்கப்படும் சத்தம்.


நான் இன்னும் படியில்தான் நிற்கிறேன்.