ஜாடிக்குள் செவ்வாய்

ராணிப்பேட்டை தோல் கழிவிலிருந்து எடுத்தது.
குரோமியத்திலேயே குடித்தனம் நடத்திய கிருமி,
அதற்காகவே இதைத் தேர்ந்தோம்.

காட்பாடியில் கத்திரி வெயில்.
ஜாடிக்குள் மட்டும் மைனஸ் அறுபது,
காற்று என்று பேருக்குக் கொஞ்சம் கரியமிலம்,
குடியாத்தம் தீக்குச்சி மருந்துக்குப்
பங்காளி முறையான ஓர் உப்பு.

முதலில் தன் நீரை வெளியே அனுப்பியது.
நீர் இருந்த இடத்தில்
சர்க்கரையை உட்கார வைத்தது.
பிறகு ஒன்றுமே செய்யவில்லை,
நாற்பது நாள்.
ஒன்றும் செய்யாமலிருக்க
எவ்வளவு வேலை பார்த்திருக்கிறது!

"செத்துப்போச்சா மேடம்?"
இரவுக் காவலர் ஜெயசீலன் தினமும் கேட்பார்.
தெரியவில்லை என்று
தினமும் நோட்டில் எழுதினேன்.

நாற்பத்தோராம் இரவு கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி நின்றுகொண்டது.
கசிந்த வால்வு வழியே
காட்பாடி உள்ளே புகுந்தது, புழுக்கத்தோடு.
குளிர்ந்த கண்ணாடி வேர்த்து
உள்ளே சொட்டியது.

தில்ஷாத் நுண்ணோக்கியிலிருந்து தலை தூக்கவில்லை.
பாதிக்கு மேல் வெடித்திருந்தன.
செவ்வாய் கொல்லவில்லை;
ஒரேயடியாய் வந்த தண்ணீர்.

"பாலாறு வந்த வருஷம்
எங்க சாச்சா வீடு இப்படித்தான்" என்றாள்.
அதுவரை பதினோரு வருஷம்
அந்த வாசலுக்கு லாரியில்தான் தண்ணீர்.

அடுத்த முறை சொட்டுச் சொட்டாக,
என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

மீந்ததில் ஒன்று
மறுநாள் டீ வேளையில் இரண்டானது.
ஜெயசீலனிடம் சொல்ல ஓடினேன்.
வாசலில் பகல் காவலர், வேறு ஆள்.
"யாரு மேடம்?" என்றார்.