இரண்டு விரற்கடை

சீட்டுக் கமிஷன் போக
எண்ணாயிரத்து நானூறு.
அரிசி ஆலைக் கணக்கில்
ஒரு படி தவிடு தப்பினாலும் கண்டுபிடிப்பவள் நான்.
இந்தப் பணத்துக்கு மட்டும்
வீட்டில் யாரிடமும் கணக்குச் சொல்லவில்லை.

கோமதிநாயகம் அண்ணன் இன்ஜினியரிங் சேர்ந்த வருஷம் வாங்கிய பெட்டி.
அவன் ஷார்ஜா போய் ஏழு வருஷம்.
பெட்டி அம்பாசமுத்திரத்திலேயே இருந்துவிட்டது,
என்னை மாதிரி.
ராத்திரி பத்தரைக்கு மேல் அதில் கார் ஓட்டுவேன்.
லைசென்ஸ் கிடையாது.
சைக்கிளும் செயின் அறுந்து கிடக்கிறது.
ஓட்டுவேன் என்றா சொன்னேன்?
படம் படமாக நகரும்:
வளைவு,
பிறகு கொஞ்சம் யோசனை,
பிறகு நான் ஏற்கெனவே மோதிவிட்ட சுவர்.

ஞாயிற்றுக்கிழமை மூடியைக் கழற்றினேன்.
ஆலைக்குப் பின்வீடு அல்லவா,
உள்ளே உமித்தூசி மெத்தை விரித்திருந்தது.
ஃபேன் இறக்கைக்குக் கீழே
பல்லி முட்டை ஓடு இரண்டு, பொரிந்து போனவை.
இத்தனை நாள் சூடு
யாருக்கோ உபயோகப்பட்டிருக்கிறது.
பெயின்ட் பிரஷால் தட்டி, காய்ந்த பசையைச் சுரண்டி
புதுப்பசை ஒரு மிளகளவு வைத்ததில்
பதினோரு டிகிரி இறங்கியது.
அறுபது ரூபாய்.
அது சீட்டுப் பணத்தில் சேராது.

சேரன்மகாதேவி வழி பஸ். வண்ணார்பேட்டையில் மாடிக் கடை.
செய்யது மசூது சொன்னார்,
"பிராசஸர் கிழம்மா. பெரிய கார்டு போட்டா
குருவி தலையில பனங்காய்."
"நம்ம குருவிக்கு நுங்கு போதும்" என்றேன்.
சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.
மூடிப்போன கோச்சிங் சென்டர் ஒன்றின் ரேம், எழுநூறு.
எஸ்எஸ்டி ஆயிரத்து நானூற்றைம்பது, பிரிக்காத டப்பா.
யார் வீட்டிலோ மூன்று வருஷம் உழைத்த கார்டு
நாலாயிரத்து இருநூறு.
எழுந்தபோது கேட்டார்,
"பவர் சப்ளை எத்தன வாட்?"
தெரியாது என்றேன்.
கணக்கு எழுதுகிறவள் வாயில் வரக் கூடாத சொல்.
அது ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
மிச்சம் நூற்றைம்பது, அதில் பஸ்ஸும் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொருகிப் பார்த்தால்
கார்டு போகவில்லை.
ஹார்டு டிஸ்க் வைக்கிற கூடு குறுக்கே நிற்கிறது.
இரண்டு விரற்கடை.
எல்லா எண்ணையும் கூட்டியிருந்தேன்.
நீளத்தை அளக்கவில்லை.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில்,
உள்சாமான் எல்லாம் கழற்றிய வெறும் பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு
அந்தோணி மிக்கேல் கிரில் பட்டறைக்கு.
யார் வீட்டுச் சன்னலுக்கோ மயில் வளைத்துக்கொண்டிருந்தார்.
"இது என்னது, கோழிக்கூடா?"
"கம்ப்யூட்டர் அண்ணாச்சி. இந்தத் தகரத்தை மட்டும் அறுக்கணும்."
"மெஷின் வச்சா கோணிப் போவும். கையால அறுக்கேன், பிடிச்சுக்கோ."
ரம்பச் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது.
விளிம்பை அரத்தால் ராவிக் கொடுத்தார்.
"எதுக்குப் பிள்ள இது?"
"கார் ஓட்ட."
அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.
ஐம்பது ரூபாய்.

ராத்திரி கார்டு போய் உட்கார்ந்தது,
கூட்ட பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தவள் போல.
திரை மூலையில் எண்:
ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்று, ஐம்பத்தேழு.
வளைவு வருகிறது. வந்துகொண்டே இருக்கிறது.
திருப்ப நேரம் இருக்கிறது.
அந்தச் சுவரில் பெயின்ட் உரிந்திருப்பதை
இத்தனை தடவை மோதியும் பார்த்ததில்லை.
இந்த விளையாட்டில் மழை உண்டாம்.
எனக்கு இதுவரை பெய்ததே இல்லை.

நடுவில் அண்ணன் கூப்பிட்டான்.
"அந்தப் பழைய டப்பா இன்னும் கெடக்கா?
எடைக்குப் போட்டுரு."
"போட்டாச்சு" என்றேன்.
முழுப் பொய் இல்லை.
அறுத்த கூடு பட்டறை மூலையில்
எடைக்குத்தான் கிடக்கிறது.

மூன்றாவது சுற்றில் சூடு எண்பத்தொன்று.
மூடியைத் திறந்தே வைத்து
டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன்.
கழுத்தெல்லாம் வியர்வை.
திரையில் நல்ல மழை,
வைப்பர் வேலை செய்கிறது.