நாகலகம் வீதி அளவுகோல்

வெள்ளவத்தை. ரயில் போகும்போதெல்லாம்
யன்னல் கண்ணாடி நடுங்கும் மண்டபம்.
ஓய்வுபெற்ற பொறியியலாளர் குலவீரசிங்கம்
திரையில் ஒரு கண்டத்தை விரித்தார்.
மடகஸ்காரிலிருந்து குமரி வரை பச்சை.
ஆறுகளுக்குப் பெயர்கூட இருந்தது.
ஒரு வால்வெள்ளி விழுந்ததாம். ஒரே இரவாம்.
உலகத்து வெள்ளக் கதைகள் எல்லாம்
அந்த இரவிலிருந்து நீந்தித் தப்பியவையாம்.

ரயில் வந்தது. பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்.
போனதும், விட்ட இடத்திலிருந்தே
கண்டத்தை மூழ்கடித்தார்.

எனக்கு உத்தியோகம் நீர்மட்டம் எழுதுவது.
களனி கங்கைக் கரை, நாகலகம் வீதி,
காலை ஆறுக்கு ஓர் எண், மாலை ஆறுக்கு ஓர் எண்,
பதினேழு வருடம்.
பழக்கதோஷம், கையை உயர்த்திவிட்டேன்.
எத்தனை அடி ஐயா?
எது எத்தனை அடி?
தண்ணீர். யார் அளந்தது, எந்த இடத்தில்?
மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார், நல்ல மனிதர்,
தேநீருக்குப் பிறகு சொல்கிறேன் என்றார்.
தேநீருக்குப் பட்டீஸ் இருந்தது.

அந்தக் கண்டம் பிறந்த கதை எனக்குத் தெரியும்.
தேவாங்கு இந்தக் கரையில்,
அதன் ஒன்றுவிட்ட உறவெல்லாம் மடகஸ்காரில்.
இடையில் இவ்வளவு கடல்.
பாவம், எப்படி நடந்திருக்கும் என்று யோசித்த வெள்ளைக்காரர்
அதன் காலுக்கு ஒரு நிலம் போட்டுக் கொடுத்தார்.
நிலங்களே நகரும் என்று பின்னால் தெரிந்ததும்
தேவாங்கு இறங்கிக்கொண்டது.
நாங்கள் ஏறிக்கொண்டோம்.

கடல் ஏறியது பொய்யில்லை.
பனி உருகி, ஆயிரமாயிரம் வருடமாய்,
ஒரு தலைமுறைக்கு ஒரு சாண், மிஞ்சினால் ஒரு முழம்.
அப்படி வருகிற தண்ணீருக்கு யார் கதை கட்டுவார்கள்?
வேலியைப் பிடுங்கி
கொஞ்சம் பின்னால் நடுவார்கள்.

வெல்லம்பிட்டியில் எங்கள் வீடு.
வெசாக் கூடு கட்டிய கிழமை ஆறு உள்ளே வந்தது.
சுவரில் கோடு இன்னும் இருக்கிறது,
லைட் சுவிட்சுக்கு நான்கு விரல் கீழே.
நான்கடி இரண்டங்குலம்.
பக்கத்து வீட்டு ஜெஸீமா ராத்தா
முதல் வருடம் நெஞ்சளவு என்றார்.
மூன்றாம் வருடம் கழுத்து.
போன பெருநாளுக்கு வட்டிலப்பம் வெட்டியபடி,
ஓடு வரை வந்தது, ஃபிரிட்ஜ் மிதந்துபோய்
கிப்லாவைப் பார்த்துத் திரும்பி நின்றது என்றார்.
ராத்தா பொய் சொல்லும் ஆளில்லை.
மகனின் சான்றிதழ்கள் கூழாய்ப்போன உயரம் அது.
முதலில் யாரை ஏற்ற என்று
படகுக்காரன் கேட்ட உயரம்.
என் அளவுகோலில் அந்த இலக்கங்கள் இல்லை.

எதிர்வீட்டுச் சந்திரலதா இன்னும் பின்னுக்குப் போவாள்:
களனி அரசன் ஒருவன் செய்த பாவம்,
பொங்கிய கடல், அதற்குக் கொடுத்த மகள்.
ஒரே ஒழுங்கை, ஒரே சேற்று மணம்,
அதற்குள்ளேயே எத்தனை வெள்ளம்!
யூப்ரடீஸ் கரையில் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடியவளும்
எங்கள் ஒழுங்கையில் ஓடியவளும்
ஒரே இரவில்தான் நனைந்திருக்க வேண்டுமா?
ஆற்றோரம் குடியிருந்தால் போதாதா?

இதையெல்லாம் தேநீர் வேளையில் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
பட்டீஸில் இருந்த மீன்முள்ளை
எடுத்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் ஒழுங்கை இருக்கும் இடம்
முன்பு சதுப்பு. கொக்கு நிற்கும்.
மழை வந்தால் ஆறு அதில் காலாற நிற்கும்.
லொறி லொறியாய்ச் சிவப்பு மண் கொட்டினார்கள்.
அனுமதிக் கடிதத்தில் ஒரு கையொப்பம்,
வரைபடத்தில் ஒன்று,
உறுதியில் இரண்டு. விற்றவன் ஒருவன்.
வாங்கியது நான். ஆறு பேர்ச்.
நீர்மட்டம் எழுதுகிறவள், தெரிந்தே வாங்கினேன்,
விலை அவ்வளவு குறைவு.

வால்வெள்ளி எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

கூட்டம் கலையும்போது ஒரு ரயில் போனது.
கண்ணாடி நடுங்கியது. குலவீரசிங்கம்
திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.
அந்தச் சத்தம் அடங்கும் வரை
நானும் அவருடைய இரவை
நம்பிப் பார்த்தேன்.