பதினாறு கோடு

அண்டி ஆபீஸ் விட்டதும் நேரே வந்தேன்,
சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகாத கறை விரலோடு.
நூற்றிருபது பேர், இரண்டு மின்விசிறி.
ஒன்று ட்ரெபிள்காரிகளுக்கு மட்டும் சுற்றும்.

களியக்காவிளைக்கு இந்தப் பக்கத்துச் சபைகளும்
அந்தப் பக்கத்துச் சபைகளும் சேர்ந்துதான்
பாடு வாரத்துக்குப் பாடுகிறோம்.
தமிழ்ப் பாட்டு, தாள் இரண்டு விதம்:
எங்களுக்குத் தமிழ் எழுத்து, அவர்களுக்கு மலையாள எழுத்து.
ழகரம் வரும் இடத்தில் மட்டும்
அவர்கள் எங்களைவிடச் சுத்தம்.

டென்னிசன் சார் உயரம் பார்த்து நிறுத்தினார்.
ஆல்டோ இரண்டாம் வரிசையில்
என் வலது தோளை ஒட்டி வந்து நின்றாள் மைனி,
கிளாடிஸ் பாய்.
என் விளை வழியே மூன்றடித் தடம் கேட்டு
அண்ணனைக் கோர்ட்டுக்கு அனுப்பியவள்.
ஒன்றரை வருஷமாய்ப் பேச்சில்லை.
சாரிடம் சொல்லி இடம் மாறலாம்.
முதலில் யார் சொல்வது என்று
இரண்டு பேரும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆறாம் வார்த்தை எடுத்தோம்.
'முடிந்ததே.'
அந்தத் தே-க்குக் கீழே சொல்ஃபாவில் ஒரு மீ,
மீ-க்குப் பின்னால் பதினாறு கோடு.
கோடு கண்டால் விடக்கூடாது, இழுக்க வேண்டும்.
முடிந்தது என்று சொல்லிவிட்டு
முடிக்க விடாத பாட்டு.
"அவ்வளவு மூச்சு ஒருத்தருக்கும் கெடையாது,
எனக்கும் கெடையாது.
பக்கத்து ஆளு எடுக்கும்போ நீங்க எடுக்கப்பிடாது.
ஜோடி ஜோடியா பேசி வச்சுக்கிடுங்க."
அறை முழுக்கப் பேச்சு.
நாங்கள் தாளைப் பார்த்தபடி நின்றோம்.
பிறகு மைனி பென்சில் எடுத்தாள்.
ஆறாம் கோட்டின்மேல் ஒரு புள்ளி வைத்து,
தாளை ஒரு விரல்கடை என் பக்கம் சாய்த்தாள்.
நான் என் தாளில் பத்தாவதில் வைத்தேன்.

மறுநாள் காலை குழித்துறை கோர்ட்.
சர்வேயர் வரைந்த படத்தில்
எங்கள் தடமும் விட்டுவிட்டுக் கோடு கோடாய்க் கிடந்தது.
எண்ணினேன். இருபத்துமூன்று.
ஜட்ஜ் லீவு. ஜூனுக்கு வாய்தா.
அண்ணன் முகம் பார்க்காமல் பைக்கைத் திருப்பினான்.
சாயங்காலம் ஆறரைக்கு
கோர்ட்டுக்குக் கட்டிய சேலையோடே வந்து நின்றாள் அவள்.
நானும் சேலை மாற்றியிருக்கவில்லை.

வியாழன் இரவு பேஸ் வரிசை நின்றபடியே உறங்கியது.
இரண்டு மணிக்கு எழுந்து ரப்பர் வெட்டுகிறவர்கள்,
அவர்கள் கொட்டாவியும் சுருதி சேர்ந்தே வந்தது.

வெள்ளி. மூன்று மணி நேர ஆராதனை.
வெள்ளைச் சேலை முதுகில் ஒட்டிப் பிடித்திருக்க
ஆறாம் வார்த்தைக்கு எழுந்தோம்.
ஆறில் அவள் எடுத்தாள், நான் பிடித்தேன்.
பத்தில் நான் எடுத்தேன்.
எடுத்த மூச்சோடு
அண்டி வறுத்த புகை முழுக்கத் தொண்டையில் ஏறியது.
இருமலை விழுங்கி வாயைத் திறந்து வைத்திருந்தேன்,
சத்தம் திரும்பவில்லை.
பதினொன்று. பன்னிரண்டு.
அவள் கழுத்து நரம்பு தடித்தது.
பைலைப் பிடித்த கை நடுங்கியது.
பதினாலில் அவள் என் பங்கையும் சேர்த்துப்
பாடிக்கொண்டிருந்தாள்.
சார் கையை மூடும்வரை
எங்கள் இடத்தில் ஓட்டை விழவில்லை.

கஞ்சி வரிசையில் மூன்று ஆள் முன்னால் நின்றாள்.
திரும்பவில்லை.
பயறு போதுமா என்று கேட்டவனுக்குப்
பதில் சொல்லக் குரல் வராமல் தலையாட்டினாள்.

ஈஸ்டர் காலை நாலு மணிப் பாட்டில் நீள ஸ்வரமே கிடையாது,
எல்லாம் ஓட்டம்.
யாரும் யாரோடும் மூச்சைப் பங்கு வைக்க வேண்டாம்.
ஆனாலும் மூன்றாம் சரணத்தில்
அவள் எடுத்தபோது நான் எடுக்கவில்லை.
பழக்கமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால்
வெள்ளிக்கிழமைத் தாள், மலையாள எழுத்தில்.
அவசரத்தில் மாறியிருக்கிறது.
ஆறில் அவள் புள்ளி.
பத்திலும் ஒரு புள்ளி, சின்னதாய், எனக்கு.
ஓரத்தில் அதே பென்சிலால்
ஜூன் பதினொன்று, காலை பத்தரை.